இறக்கைக்கு அடியில் என்ன நிறம்?

நாள் 1, கேம்பிரிட்ஜ்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பத்தோரு வருடம் பெயின்ட் அடித்தவன் நான். பட்டி பார்ப்பது, ப்ரைமர், கலர் கோட், கடைசியில் பஸ் முதலாளி பெயரை எழுதுவது வரை எல்லாம் இந்தக் கையால் செய்தது. மகள் இங்கே கேம்பிரிட்ஜில் இருக்கிறாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறேன். அதில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பழைய சண்டை விமானங்களைப் பார்க்கப் போகிற நாட்களை மட்டும் இங்கே எழுதப் போகிறேன்.

இந்த ஆர்வம் பேரனால் வந்தது. அவனுக்குப் பதினொரு வயது, பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டுவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடியோ காலில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் மாடலைக் காட்டி, "தாத்தா, இந்தப் பச்சை சரியா இருக்கா?" என்று கேட்டான். எதை வைத்துச் சரி, தப்பு சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. நாளைக்கு டக்ஸ்ஃபோர்ட்.

நாள் 2, டக்ஸ்ஃபோர்ட்

கேம்பிரிட்ஜிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். முதல் ஸ்பிட்ஃபயர் 1938 ஆகஸ்ட் 4 அன்று 19-ஆம் ஸ்குவாட்ரனுக்கு, அதாவது அந்த விமானப்படைப் பிரிவுக்கு, வந்து சேர்ந்தது இந்த மைதானத்தில்தான். இப்போது இந்த இடம் இம்பீரியல் வார் மியூசியத்தின் கையில் இருக்கிறது. ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைகளில் சில போர்க்காலத்துக்கு முந்தியவை, கதவைத் தள்ளித் திறந்தால் ஆயில் வாசனை. நம் ஊர் பட்டறைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது.

நான் பார்க்க வந்தது ஒரே ஒரு விமானத்தை. என்3200 என்ற எண் போட்ட ஸ்பிட்ஃபயர். 1940 மே 26, டன்கிர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்டுக்கொண்டிருந்த நேரம், ஸ்குவாட்ரன் லீடர் ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன் இதில் பறந்து போய் அடிபட்டு பிரான்சில் சங்காட் கடற்கரை மணலில் இறக்கினார். அவர் பிடிபட்டார். விமானம் மணலுக்குள் புதைந்து 1986 வரை அங்கேயே கிடந்தது. எடுத்து, வருடக்கணக்கில் வேலை பார்த்து, 2014-இல் மறுபடியும் பறக்க விட்டார்கள்.

எல்லோரும் நின்று பார்ப்பது பக்கவாட்டில். மண் நிறமும் கரும்பச்சையும் அலை அலையாக, அதன் மேல் கியூ, வி என்ற ஸ்குவாட்ரன் எழுத்துகள். நான் குனிந்து கீழே பார்த்தேன். இடது இறக்கையின் அடி முழுக்கக் கறுப்பு, வலது இறக்கையின் அடி முழுக்க வெள்ளை. ஒரே வண்டிக்கு இரண்டு பக்கம் இரண்டு நிறம் அடித்தால் எங்கள் பட்டறையில் முதலாளி கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார். இங்கே அது அரசாங்கத்து உத்தரவு.

காரணம் இதுதான். மேலே அடித்த மண் நிறமும் பச்சையும் எதிரியின் கண்ணை ஏமாற்ற. கீழே அடித்த கறுப்பு வெள்ளை தன் ஆட்களுக்குத் தெரிவதற்காக. தரையில் பீரங்கி வைத்துக்கொண்டு நிற்பவனுக்கும், வயல் ஓரத்தில் பைனாகுலருடன் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளருக்கும், தலைக்கு மேலே போவது நம்முடையதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்த உடனே தெரிய வேண்டும். அதை அவ்வளவு சத்தமாகச் சொல்லும் பெயின்ட் வேலை வேறு இல்லை.

ஆனால் அந்த அடையாளம் கீழே நிற்பவருக்கு மட்டும்தான். 1939 செப்டம்பர் 6, போர் அறிவித்து மூன்றே நாள். நார்த் வீல்டிலிருந்து கிளம்பிய 56-ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானங்களை எதிரி என்று நினைத்து 74-ஆம் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயர்கள் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன. மான்டேக் ஹல்ட்டன் ஹாரப் என்ற விமானி செத்துப்போனார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவர், சுட்டது சொந்த ஆட்கள். பின்னாலிருந்து பாய்ந்து வருகிறவனுக்கு இறக்கையின் அடி எங்கே தெரியப் போகிறது? இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். இறக்கையின் முன் விளிம்பில், துப்பாக்கிக் குழாய் வரும் ஓட்டைகளின் மேல் சிவப்பாகச் சதுரத் துண்டுகள் ஒட்டியிருந்தன. பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கிறது. அது துணி. ஓட்டைக்குள் தூசி, ஈரம் போகாமலும், உயரத்தில் குளிரில் துப்பாக்கி உறைந்துபோகாமலும் இருக்கத் துணியை ஒட்டி அதன் மேல் டோப் என்ற சிவப்புப் பூச்சைப் பூசுவார்கள். சுட்டால் குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும். திரும்பி வரும் விமானத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே, சிவப்பு கிழிந்திருக்கிறதா இல்லையா என்பதை வைத்து, இவன் சண்டை போட்டுவிட்டு வருகிறான் என்று தரையில் நிற்கும் மெக்கானிக்குகள் தெரிந்துகொள்வார்களாம்.

நாள் 3, மறுபடியும் டக்ஸ்ஃபோர்ட்

ஒரு நாள் போதவில்லை. இன்றைக்கு அமெரிக்க விமானங்கள் இருக்கும் பெரிய கண்ணாடிக் கூடம்.

1943 ஏப்ரலிலிருந்து இந்த மைதானத்தில் அமெரிக்காவின் 78-ஆம் சண்டைப் பிரிவு இருந்தது. அவர்களுடைய விமானங்களின் மூக்கில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம். பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நிறம்: டெப்டனில் 4-ஆம் பிரிவுக்குச் சிவப்பு மூக்கு, பாட்னியில் 352-ஆம் பிரிவுக்கு நீலம், பாட்டிஷாமில் இருந்த 361-க்கு மஞ்சள். இவ்வளவு பளிச்சென்று அடித்துக்கொண்டு எதிரியின் வானத்துக்குள் போகிறார்களே என்று முதலில் தோன்றும். 1944 ஆரம்பத்திலிருந்து தொழிற்சாலையிலிருந்து வந்த விமானங்களுக்கு அவர்கள் பெயின்டே அடிக்கவில்லை. வெறும் அலுமினியம் பளபளக்க அனுப்பினார்கள். பெயின்ட் இல்லையென்றால் எடை குறையும், நேரம் மிச்சம், கொஞ்சம் வேகமும் கூடும். ஒளிந்துகொள்ள வேண்டிய நிலைமையை அவர்கள் தாண்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு முன்னால் மட்டும் விமானியின் கண் கூசாமலிருக்க ஒரு பட்டை மேட் பச்சை.

கூடத்தில் ஒரு சி-47 போக்குவரத்து விமானம் நிற்கிறது. உடம்பைச் சுற்றியும் இறக்கையைச் சுற்றியும் ஐந்து பட்டை, வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. 1944-இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அடித்த படையெடுப்புப் பட்டை இதுதான். இதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன், மாப்பிள்ளை இரண்டு தடவை காபி வாங்கி வந்துவிட்டார்.

இந்தப் பட்டைக்குப் பின்னாலும் சொந்த ஆட்களே சுட்ட கதைதான். 1943 ஜூலை 11 ராத்திரி சிசிலியில் அமெரிக்க பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் போயின. கீழே இருந்த நேச நாட்டுப் படைகளும் கப்பல்களும் அவற்றைச் சுட்டதில் 23 திரும்பவே இல்லை. அடுத்த வருடம் பிரான்சில் இறங்கும்போது இது மறுபடியும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம், இரட்டை இன்ஜினுக்கு 24 அங்குலம். முன்கூட்டியே அடித்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும், அவனும் அதே மாதிரி அடித்துக்கொள்வான். அதனால் கடைசி நேரம் வரை ரகசியம். ஜூன் 3-ஆம் தேதியும் 4-ஆம் தேதியும்தான் வாளியும் பிரஷ்ஷும் வெளியே வந்தன. ஜூன் 6-இல் படை இறங்கியாயிற்று.

யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான விமானங்கள். ஒவ்வொன்றிலும் உடம்பைச் சுற்றி ஐந்து பட்டை, இரண்டு இறக்கையிலும் மேலேயும் கீழேயும் ஐந்து ஐந்து. வெள்ளை அடித்துக் காய வேண்டும், அப்புறம் கறுப்பு. மல்லாந்து படுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் பிரஷ் பிடித்தால் பெயின்ட் முழங்கை வழியாக அக்குளுக்கு ஓடும், பஸ்ஸுக்கு அடியில் செய்தவனுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெயின்டர்களே கிடையாது. மெக்கானிக், துப்பாக்கி பார்க்கிறவர், ஸ்டோர்ஸ் கிளார்க், கை இருந்தவர்கள் எல்லோரும் அடித்திருக்கிறார்கள். அந்த நாள் போட்டோக்களில் விளிம்பு எதுவும் நேராக இல்லை, வளைந்து நெளிந்து போகிறது, பிரஷ் கோடு தெரிகிறது.

ஆனால் இன்றைக்குப் புதுப்பிக்கும் விமானங்களில் பல இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்ப்ரே கன்னில் அடித்து கத்தியால் வெட்டிய மாதிரி பட்டை போடுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரஷ்ஷால், கோணலாக, அவசரத்தில் அடித்தால்தான் அது 1944 ஜூன். நேராக அடிக்கத் தெரிந்த ஒருவன் இதைச் சொல்வதால் யாராவது கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

நாள் 4, மழை

எங்கும் போகவில்லை. காலையிலிருந்து தூறல்.

மகள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு திருகோணமலை அம்மா இருக்கிறார். மதியம் சம்பலும் இடியப்பமும் கொண்டுவந்தார். நான் டக்ஸ்ஃபோர்ட் போனதைச் சொன்னதும், "அண்ணை, எங்கட அம்மம்மா சொல்லுவா, சீனன்குடாவில ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்குச் சனமெல்லாம் காட்டுக்க ஓடினவை எண்டு" என்றார். 1942 ஏப்ரல் 9, திருகோணமலையில் குண்டு விழுந்த நாள் அது. அதற்கு நாலு நாள் முன்னால் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு. கொழும்பில் 30-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் ரத்மலானையிலிருந்தும், 258-ஆம் ஸ்குவாட்ரன் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்தும் கிளம்பின. திருகோணமலையில் 261-ஆம் ஸ்குவாட்ரன்.

அவரிடம் ரவுண்டல் கதையைச் சொன்னேன். பிரிட்டிஷ் விமானத்தின் வட்ட அடையாளத்தில் நடுவில் சிவப்புப் பொட்டு. ஜப்பான் விமானத்தில் இருப்பதோ முழுச் சிவப்பு வட்டம். சண்டையில் ஒரு நொடி கண்ணில் படுவது அந்தச் சிவப்பு மட்டும்தான், சுற்றியுள்ள நீலமும் வெள்ளையும் மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே விரல் அழுத்திவிடும். அதனால் அமெரிக்கர்கள் 1942 மே மாதமே தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களும் இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் பறந்தவற்றில் சிவப்பை அழித்தார்கள். கடைசியில் கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று இரண்டே நிறத்தில் சின்னதாக ஒரு வட்டம் வந்தது. ஐரோப்பாவில் பறந்த ஸ்பிட்ஃபயரையும் பர்மாவில் பறந்த ஸ்பிட்ஃபயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வட்டத்தை வைத்தே பிரிக்கலாம். அந்த அம்மா இடியப்பத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப சிவப்பாலயே செத்திருக்கினம்" என்றார்.

சாயங்காலம் இன்னொன்றும் படித்தேன். போருக்குப் பணம் கொடுத்த ஊர்களின் பெயரை ஸ்குவாட்ரன்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று கணக்கு வைத்து வசூல் செய்து, கொடுத்தவர் பெயரை மூக்கில் எழுதுவதும் உண்டு. 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கும் மெட்ராஸ் பெயர். 264 ராத்திரிச் சண்டைக்கு டிஃபையன்ட் என்ற விமானத்தை ஓட்டியது, முழுக்கக் கறுப்பு. ராத்திரிக்குக் கறுப்புதானே சரி என்று எல்லோரும் நினைத்தார்கள். கரி மாதிரி சொரசொரப்பான ஒரு கறுப்பைக்கூடப் பூசிப் பார்த்தார்கள், அது காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைத்தது, உரியவும் செய்தது. ராத்திரி வானம் கறுப்பு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நிலவொளியிலும் மேகத்துக்கு முன்னாலும் முழுக் கறுப்பு ஓட்டை போட்ட மாதிரி தெரியும். 1942 கடைசியில் ராத்திரி விமானங்களுக்கே சாம்பல் நிறமும் பச்சையும் கொடுத்தார்கள்.

நாள் 5, ஹெண்டன்

ரயிலில் லண்டன், அங்கிருந்து பாதாள ரயிலில் காலின்டேல் ஸ்டேஷன், கொஞ்ச தூரம் நடை. ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம், டிக்கெட் கிடையாது.

இங்கே இருக்கும் டைஃபூன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானம்தான் உலகத்தில் முழுசாக மிச்சமிருக்கும் ஒரே டைஃபூன். இந்த வகைக்கும் அதே தலைவிதி, ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 சாயலில் இருந்ததால் சொந்த ஆட்களே சுட்டார்கள். மூக்கை முழுக்க வெள்ளையடித்துப் பார்த்தார்கள், 1942 கடைசியில் இறக்கைக்கு அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டார்கள். நார்மண்டிப் பட்டைக்கு ஒன்றரை வருடம் முன்பே இது நடந்துவிட்டது.

பழைய ஸ்பிட்ஃபயர் எக்ஸ்4590 முன்னால் பேரனுக்குப் பிடித்த விஷயத்தைப் பேசினோம்: அடியில் இருக்கும் அந்த வெளிறிய பச்சை. ஸ்கை என்று பெயர், ஆனால் வானத்து நீலம் கிடையாது. வாத்து முட்டை ஓட்டில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் போருக்கு முன்னால் ஹெஸ்டன் மைதானத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் சொந்த விமானம் மேலேறிச் சட்டென்று கண்ணிலிருந்து மறைவதைப் பார்த்தாராம், அது இந்த மாதிரி வெளிர்பச்சை. அதிலிருந்து கேமோடின்ட் என்று ஒரு நிறம் செய்து தன் உளவுப் படமெடுக்கும் விமானங்களுக்கு அடித்தார். அந்த வழியில்தான் ஸ்கை வந்தது. 1940 ஜூனில் கறுப்பு வெள்ளையை நிறுத்திவிட்டு எல்லாச் சண்டை விமானத்துக்கும் அடியில் ஸ்கை அடிக்கச் சொன்னார்கள். நவம்பர் கடைசியில் மறுபடி இடது இறக்கைக்கு மட்டும் கறுப்பு, ஏப்ரலில் அதையும் எடுத்தார்கள்.

உத்தரவு வந்த அன்றைக்கு ஸ்டோரில் அந்தப் பெயின்ட் போதுமான அளவு இல்லை. சண்டை நிற்குமா? இருந்த நீலம், வெள்ளை, மஞ்சளைக் கலந்து ஸ்குவாட்ரன்களே அடித்துக்கொண்டன. ஒருவருடையது நீலமாக, இன்னொருவருடையது பச்சையாக. அதனால் 1940 கோடையில் பறந்த ஸ்பிட்ஃபயரின் அடி நிறம் இதுதான் என்று ஒற்றை டப்பாவைக் காட்டி யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது பிரிட்டிஷ் ஷேடு கார்டில் ஸ்கைக்கு 210 என்றும், அந்த மண் நிறத்துக்கு 450 என்றும் எண் உண்டு, வேலைக்கு அது உதவும். கரூரில் ஒரே டப்பாவிலிருந்து எடுத்து சித்திரையில் அடித்த பஸ்ஸும் கார்த்திகையில் அடித்த பஸ்ஸும் பக்கத்தில் நின்றால் ஷேடு மாறியிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம், துணியும் உலோகமும் ஒரே நிறத்தை ஒரே மாதிரி காட்டாது. ஹரிக்கேனின் பின்பாதி துணி. வரிசையாக மரச்சட்டம் துருத்திக்கொண்டு தெரியும், அந்த மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் ஒரு நிறம்.

கடைசியாக ஹாலிஃபாக்ஸ். இது சண்டை விமானம் இல்லை, நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானம், டபிள்யூ1048. ஆனால் இந்தப் பயணத்தில் என் மனதை அதிகம் தொட்டது இதுதான். 1942 ஏப்ரல் 27 ராத்திரி நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய் அடிபட்டு, ஹோக்லிங்கன் என்ற உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் இறக்கினார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். ஆறு பேர் சுவீடனுக்குத் தப்பினார்கள், காலில் அடிபட்ட இன்ஜினியர் மட்டும் பிடிபட்டார். பனி உருகி விமானம் ஏரிக்குள் போய்விட்டது. 1973-இல் எடுத்தார்கள். இங்கே கொண்டுவந்து, புது விமானம் மாதிரி ஆக்காமல், எடுத்த கோலத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

நெளிந்து அரித்துப்போன தகரம். பல இடத்தில் வெறும் அலுமினியம் சாம்பல் பூத்து நிற்கிறது. சில இடத்தில் பெயின்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக நான் பார்த்த பளபளப்பான விமானங்களில் எல்லாம் மேலே இருப்பது நேற்று முந்தாநாள் அடித்த பெயின்ட். இது 1942-இல் யாரோ ஒரு கை அடித்தது. பச்சை எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே அடிகோட்டோடு உரிந்திருக்கிறது என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ரிவெட் வரிசையில், தலைகளைச் சுற்றி மட்டும் வளையமாக நிறம் மிச்சம். பஸ் பக்கத் தகடு வயதாகும்போதும் ரிவெட் அருகில் இப்படித்தான், அங்கேதான் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாகத் தேங்கிக் காயும்.

மாப்பிள்ளை அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்தார். "மாமா, இது 35-ஆம் ஸ்குவாட்ரனாம்" என்றார். நேற்றைக்குச் சாயங்காலம் நான் மூன்று ஸ்குவாட்ரன் என்று எண்ணியதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. போனில் தேடிப் பார்த்தோம். 35-க்கும் மெட்ராஸ் பிரசிடென்சி என்றுதான் பெயர். அந்தத் தகரத்தைப் பார்த்து என்னையறியாமல் கும்பிட்டேன். பேரனும் கையைக் கூப்பினான்.

நாள் 6, சமையலறை

இன்றைக்குப் பயணம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

1941 ஆகஸ்டில் சண்டை ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்ஸ் பக்கம் போனதும், கீழே வயல் இல்லை, கடல்தான், உயரமும் கூடிவிட்டது என்பதால் மண் நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார்கள். ஓஷன் கிரே என்ற அந்தச் சாம்பல் வந்து சேரும்வரை நீங்களே கலந்துகொள்ளுங்கள் என்று ஒரு கணக்கும் கொடுத்தார்கள்: மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. பேரனிடம் ஸ்பிட்ஃபயர் மார்க் ஐந்து மாடல் ஒன்று ஒட்டி முடித்துக் காத்திருந்தது.

பேப்பர் விரித்து, மகளுடைய பழைய பீங்கான் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சொட்டுக் குழாயில் அவன் எண்ணி ஏழு சொட்டு சாம்பல், ஒரு சொட்டு கறுப்பு விட்டான். தீக்குச்சியால் கலக்கினோம். இறக்கையில் ஒரு பக்கம் அடித்ததும் தீர்ந்துவிட்டது. மறுபடி ஏழுக்கு ஒன்று. இந்தத் தடவை கறுப்புச் சொட்டு கொஞ்சம் பருமனாக விழுந்திருக்க வேண்டும், நிறம் ஒரு மயிரிழை கூடிவிட்டது. காய்ந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒன்றில்லை.

"தாத்தா, திரும்ப அடிக்கணுமா?" என்றான்.

வேண்டாம் கண்ணு, அப்படியே இருக்கட்டும் என்றேன். துப்பாக்கி ஓட்டைக்குச் சிவப்பு மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. நாலு மெல்லிய புள்ளி, அதை அவனே வைத்தான்.